போர்ட் பொருந்துகிறது, படம்தான் வரவில்லை

கேள்வி: என் லேப்டாப்பில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு யூஎஸ்பி-சி போர்ட் உள்ளன. மானிட்டரில் இருப்பது டிஸ்பிளேபோர்ட்டும் விஜிஏவும். யூஎஸ்பி-சியிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு ஒரு கேபிள் வாங்கினேன். 'நோ சிக்னல்' என்றது. எச்டிஎம்ஐ–டிஸ்பிளேபோர்ட் கேபிள் வாங்கினேன், அதுவும் அப்படியே. நண்பரின் கணினியில் இரண்டுமே வேலை செய்கின்றன. கோளாறு எதில்?

பதில்: எதிலும் கோளாறு இல்லை. இரண்டு கேபிள்களும் உங்கள் லேப்டாப்புக்கு ஏற்றவை அல்ல, அவ்வளவுதான்.

முதலில் யூஎஸ்பி-சி. அது வெறும் வடிவத்தின் பெயர். உள்ளே என்ன ஓடும் என்பதை லேப்டாப் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். சில போர்ட்டுகள் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். படம் வர 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதி வேண்டும். போர்ட்டின் பக்கத்தில் 'டி'யும் 'பி'யும் சேர்ந்த சின்னமோ, தண்டர்போல்ட்டின் (யூஎஸ்பி-சி வடிவிலேயே வரும் வேகமான இணைப்பு வகை) மின்னல் குறியோ இருந்தால் கவலையில்லை. எல்லாரும் குறி போடுவதில்லை என்பதால், மாடல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே டேட்டா வேகமும் 'பவர் டெலிவரி'யும் (சார்ஜ் வசதி) மட்டும் இருந்தால் அந்த வழி அடைபட்டதுதான். வயரிங்கே இல்லாத இடத்தில் எந்த டிரைவரும் இந்தக் கேபிளில் படத்தை வரவழைக்காது.

இரண்டாவது கேபிளின் கதை வேறு. அது ஒருவழிப் பாதை. டிஸ்பிளேபோர்ட் உள்ள பல கணினிகள் தேவைப்பட்டால் எச்டிஎம்ஐ சிக்னலையே அனுப்பிவிடும். கேபிள் மின்னழுத்தத்தைச் சரிசெய்தால் போதும். நண்பர் வீட்டில் ஓடியது இப்படித்தான் இருக்கும். உங்களுடையது எதிர்த்திசை: எச்டிஎம்ஐயிலிருந்து கிளம்பி டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போக வேண்டும். அதற்குச் சிக்னலையே மாற்றும் சிப் வேண்டும், சிப்புக்கு மின்சாரம் வேண்டும். எனவே 'எச்டிஎம்ஐ இன்புட், டிஸ்பிளேபோர்ட் அவுட்புட்' என்று தெளிவாக எழுதியிருக்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டரைத் தேடுங்கள். பெரும்பாலும் அதில் மின்சாரத்துக்கு ஒரு யூஎஸ்பி வால் தொங்கும். இந்தத் திசையை அட்டையில் பொடி எழுத்தில் போடுகிறார்களே, அதுதான் எரிச்சல்!

மானிட்டர் 4கே என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4 அந்த அளவில் 30 ஹெர்ட்ஸோடு, அதாவது வினாடிக்கு 30 படங்களோடு, நின்றுவிடும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். 60 ஹெர்ட்ஸுக்கு லேப்டாப், கன்வெர்ட்டர் இரண்டிலும் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும்.

விஜிஏ? எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் எளிதாகக் கிடைக்கும், ஃபுல் எச்டி வரை சமாளிக்கும். ஆனால் 1987-இல் வந்த அந்த அனலாக் வழியில் எழுத்தின் ஓரங்கள் மங்கலாம், ஒலியும் போகாது. டிஸ்பிளேபோர்ட் இருக்கும்போது நான் அதைத் தொடமாட்டேன்.

அப்புறம், பின்னாளில் இரண்டாவது மானிட்டர் வேண்டுமென்றால், ஆல்ட் மோட் இல்லாத யூஎஸ்பி-சியிலும் டிஸ்பிளேலிங்க் சிப் உள்ள அடாப்டர் ஓடும். அது படத்தைச் சுருக்கி டேட்டாவாக அனுப்புவதால் டிரைவர் தேவை. எக்செல், மின்னஞ்சலுக்குத் தாராளம். வேகமான கேம்களுக்கு வேண்டாம்.