சினை இறாலை என்ன செய்வது? கடலோரக் கேள்விகளும் என் பதில்களும்

குமரி மாவட்டத்து முட்டத்தில் முப்பது வருஷம் வள்ளத்தில், அதாவது நாட்டுப்படகில், மீன் பிடிக்கப் போனவன் நான். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது முற்றத்தில் உட்கார்ந்து வலை பொத்துகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரலிலா, ஜூனிலா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே அண்ணா?

ரெண்டும் சரிதான். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எங்கானாலும் 61 நாள். விசைப்படகுக்கு மட்டும்தான், வள்ளமும் கட்டுமரமும் போகலாம்.

கடியபட்டணத்துத் தம்பி ஒருவர்: 150 கிராம் சிங்கி இறாலையும் வியாபாரி வாங்கிக்கொள்கிறார். நான் ஏன் அதைக் கடலில் திருப்பி விடணும்?

மக்கா, எடையைப் பார்ப்பதற்கு முன் அதைத் திருப்பிப் பார். வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் அப்பியிருப்பது சினை, லட்சக்கணக்கான முட்டை. பொரியும் நாள் நெருங்கினால் பழுப்பாகும். நம் பாறைகளில் கிடைக்கும் சாதாரணச் சிங்கி 200 கிராமுக்குக் கீழே இருந்தால் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 2003-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. பெரிதாக வளரும் மணிச்சிங்கிக்கு 500 கிராம். வியாபாரி அதை உள்ளூரில் தள்ளிவிடுவார், அதனால்தான் உனக்கு அரை விலை.

நானும் விற்றிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சினையோடு ஒன்றை விட்டேன். மறுநாள் பக்கத்து வள்ளக்காரர் வலையில் அதே பாறையில் சினைச்சிங்கி ஒன்று மாட்டியது. அதுதான் இது என்று எப்படிச் சொல்வது! ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. ஒருவன் விட்டு இன்னொருவன் எடுத்தால் விட்டவன்தான் முட்டாள். ஊர்க்கூட்டத்தில் பேசி, பிடிப்பவர், ஏலம் விடுபவர், வாங்குபவர் மூவரையும் ஒன்றாக ஒத்துக்கொள்ள வைத்தால்தான் இது நடக்கும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதை எந்த அதிகாரி வந்து சொன்னார்? ஊர்தானே.

குளச்சல் அக்கா ஒருவர்: கணவாய் மீனை வரவைக்கத் தென்னை ஓலை கட்டிக் கடலில் போடுவது தப்பா அண்ணாச்சி?

ஓலை தப்பில்லை, மக்கிப்போகும். ஆனால் கணவாய் அங்கே வருவது முட்டையிட. திராட்சைக்குலை மாதிரி ஓலையில் ஒட்டிவைக்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் தாய்தான் வருகிறது. கர்நாடகக் கடலில் நம் ஆட்களுக்கும் அங்குள்ள விசைப்படகுக்காரர்களுக்கும் சண்டை வந்தது இதனால்தான். போடுவதாக இருந்தால், முட்டை ஒட்டிய ஓலையை மேலே இழுக்காமல் அப்படியே விடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் கட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

வள்ளவிளையிலிருந்து: கேரளத்தில் சாளைக்கு (மத்தி) அளவு பார்க்கிறார்களாமே?

ஆமாம். சாளை 10 சென்டிமீட்டர், அயலை (கானாங்கெளுத்தி) 14. அதற்குக் கீழே பிடித்து அங்கே இறக்கினால் அபராதம்.

ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து: விசைப்படகு கரையோரம் வந்து வலையை அறுக்கிறது. யாரிடம் சொல்ல?

கரையை ஒட்டிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் அவர்கள் தொழில் செய்யக்கூடாது. 1983-ல் வந்த தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடிச் சட்டம் அது. எனக்கும் ஒருமுறை வலை போனது. தனியாகப் போய்ப் புகார் கொடுத்தேன். "எந்த இடம், என்ன நம்பர்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் என்னிடம் இரண்டும் இல்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. படகின் பதிவெண், நேரம், ஜிபிஎஸ் கருவி காட்டும் இடம், இந்த மூன்றையும் குறித்து, ஊர்க் கமிட்டி பெயரில் மீன்வளத்துறைக்கு எழுதுங்கள். தனி ஆள் எழுதினால் பகைதான் மிஞ்சும்.

கல்லூரி மாணவி ஒருவர்: கடலுக்கடியில் உள்ள பார்களை (பாறைத்திட்டுகளை) வரைபடமாக்குகிறேன். இடங்களைச் சொல்வீர்களா ஐயா?

மாட்டேன் மக்களே, கோபித்துக்கொள்ளாதே. கோயில் கோபுரத்தையும் மலை உச்சியையும் நேர்கோட்டில் வைத்து, பார் இருக்கும் இடத்தை அப்பா எனக்குக் காட்டினார். அந்த முறையைக் கணியம் என்போம். அதை எண்ணாக்கிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் இருபது படகு அங்கே நிற்கும். எந்த மாதம் எந்த மீன், முன்பு என்ன கிடைத்தது, இப்போது எது இல்லை என்றால் நாள் முழுக்கச் சொல்வேன். மத்தியானத்துக்கு அப்புறம் வா, அதுவரை வலை வேலை இருக்கிறது.