நடை பழக்கிய கை

கேள்வி: நான் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். எனக்கு ஒரே மகன். வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கைபிடித்து அவனுக்கு நடை பழக்கியவன் நான். கொழும்பில் கடை போடுவதாகச் சொல்லி ஓய்வுபெற்றபோது கிடைத்த என் சேமலாப நிதிப் பணத்தை வாங்கிப் போனான், சூதாடித் தொலைத்துவிட்டான். இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. நானும் அவனைத் தலைமுழுகிவிட்டேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓசியா 11ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். பிள்ளைகள் துரோகம் செய்தாலும் கடவுள் கைவிடமாட்டாராம். தப்பு செய்கிறவனுக்கு இடம் கொடுப்பதுதானே இது?
(பெயர் வேண்டாம், பொகவந்தலாவை)

பதில்: இல்லை ஐயா. இடம் கொடுக்கிற தகப்பன் இப்படிப் பேசமாட்டான். அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள்.

ஓசியா தீர்க்கதரிசி பேசியது கி.மு. 8ஆம் நூற்றாண்டில், வட இஸ்ரவேல் மக்களிடம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டவரை மறந்து, பாகால்கள் என்ற அந்நிய தெய்வங்களுக்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். கூப்பிடக் கூப்பிட விலகிப் போனார்கள் என்று கடவுள் மனம் நொந்து சொல்கிறார். பட்டணங்களில் வாள் பாயும், அசீரியன் உங்களை ஆளுவான் என்று எச்சரிக்கிறார். அப்படியே நடந்தது. கி.மு. 722 அளவில் அவர்களுடைய தலைநகரான சமாரியா அசீரியரிடம் விழுந்தது. செய்ததற்கு விளைவே கிடையாது என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை.

எச்சரித்த அதே வாய்தான் 8ஆம் வசனத்தில் உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று கேட்கிறது. உன்னை எப்படி அத்மாவைப் போலாக்குவேன், செபோயீமைப் போல வைப்பேன் என்கிறது. சோதோமோடு சேர்ந்து அழிந்த ஊர்கள் அவை. சோதோம் கவிழ்க்கப்பட்டதைச் சொல்ல எபிரேய மொழியில் எந்த வினைச்சொல் வருகிறதோ, அதே சொல்தான் இங்கே கடவுளின் இருதயத்துக்கு வருகிறது. நம் தமிழ் வேதாகமம் ‘குழம்புகிறது’ என்று மெல்லச் சொல்லிவிட்டது. ஊர் கவிழ வேண்டிய இடத்தில் பெற்றவரின் நெஞ்சு கவிழ்கிறது. இதையா இடம் கொடுப்பது என்கிறீர்கள்?

அடங்காத மகனைப் பெற்றோர் ஊர் வாசலில் மூப்பர்முன் நிறுத்தலாம், ஊரார் அவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்று உபாகமம் 21 சொல்கிறது. அந்தத் தண்டனையை இந்தத் தகப்பன் கையில் எடுக்கவில்லை. பிள்ளை திருந்திவிட்டான் என்பதாலும் அல்ல; அவன் திருந்தவில்லை. தாம் மனிதனல்ல, கடவுள் என்பதையே அவர் காரணமாகச் சொல்கிறார். கடவுள் என்றாலே நம்மைவிடக் கறாராகக் கணக்குப் பார்ப்பவர் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஓசியா காட்டுகிற கடவுள் அப்படிப்பட்டவர் அல்லர்.

அவர்கள் பக்கமாகச் சாய்ந்து உணவு கொடுத்தேன் என்று 4ஆம் வசனத்தில் வருகிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம்) வாசல்தான் கண்ணுக்குள் வரும். அம்மா காலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய நனைந்த படங்கோடு ஓடி வருவார். கூடைக் கயிறு அழுத்திய தடம் தலையில் தெரியும். உட்கார நேரம் இருக்காது. குனிந்தபடியே ரொட்டியைப் பிய்த்துத் தங்கையின் வாயில் வைப்பார். விடியற்காலையில், விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று கத்தி அம்மாவின் மணிக்கட்டைக் கடித்தவள் அவள். பல் பட்ட இடம் மத்தியானமும் கன்றித்தான் இருக்கும். அந்தக் கையால்தான் ஊட்டினார்.

தலைமுழுகிவிட்டேன் என்கிறீர்கள். நான் நம்பவில்லை. மகனே இல்லை என்று முடிவு செய்தவருக்கு, இஸ்தோப்பில் நடை பழக்கிய கதையை எனக்கு எழுத என்ன அவசியம்? 3ஆம் வசனத்தைப் பாருங்கள். எப்பிராயீமை, அதாவது வட இஸ்ரவேலை, கைபிடித்து நடக்கப் பழக்கினேன் என்று கடவுள் சொல்கிறார். நீங்கள் ஆத்திரத்தோடு எழுதிய அதே வரி.

பணம் இனிக் கொடுக்காதீர்கள். மழையிலும் பனியிலும் மலையேறிச் சேர்த்த காசு அது. இன்னொரு முறை அதைச் சூதாட்டத்துக்குக் கொடுப்பது அவனுக்குச் செய்கிற கெடுதல். அவன் வந்தால் முகத்துக்கு நேரே கேளுங்கள், குரலை உயர்த்தியே கேளுங்கள். அவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் எனக்கு மகன் இல்லை என்று லயத்து அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டிருப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பேச்சு மலை இறங்கி அவன் காதுக்குப் போயிருக்கும். வர நினைக்கிறவனின் காலை அதுவே கட்டிப் போடும்.

கடிதத்தின் ஓரத்தில், வேறொரு பேனாவால், ‘உங்கள் சஞ்சிகை கொழும்பில் கிடைக்குமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும் ஐயா. புறக்கோட்டையில், ஹட்டன் பஸ் புறப்படுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.