கூடத் தொழில் செய்பவர்களின் வளர்ச்சி மனதை வாட்டுகிறது, அவர்களிடமிருந்து விலகிவிடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: உங்களோடு தொழில் தொடங்கிய நண்பர்கள் உங்களை முந்திப் போய்விட்டார்கள். அவர்களோடு பழகுவதால் தொழிலுக்கு நன்மை இருக்கிறது, ஆனால் பேசிவிட்டு வந்தால் இரவு தூக்கம் வருவதில்லை. ஒதுங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

ஒதுங்காதீர்கள். நானும் சிறு தொழில் நடத்துகிறேன், அந்தப் பொருமல் எனக்கும் தெரியும். மாற்ற வேண்டியது அவர்களோடு நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதைத்தான்.

தொழில் பக்கத்தை முதலில் பார்ப்போம். ஜிங் காய், ஆடம் செய்டல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் சீனாவின் நான்சாங் நகரில் சுமார் 2,800 சிறு, நடுத்தர நிறுவனங்களை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. அந்த முதலாளிகளில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் சிறு குழுக்களாகப் பிரித்து, மாதம் ஒரு முறை என்று ஓராண்டு சந்திக்க வைத்தார்கள். ஒருவர் நிறுவனத்துக்கு மற்றவர்கள் போய்ப் பார்த்தார்கள், அங்குள்ள சிக்கல்களை உட்கார்ந்து பேசினார்கள். சந்திக்காதவர்களோடு ஒப்பிட்டால், சந்தித்தவர்களின் விற்பனை வருவாய் 8.1 சதவீதம் கூடியிருந்தது. உங்களுக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான்: தம்மைவிடப் பெரிய நிறுவனங்கள் இருந்த குழுவில் சேர்ந்தவர்கள் அதிகமாக வளர்ந்தார்கள். அதாவது, யாரைப் பார்த்து மனம் வாடுகிறதோ அவர்கள்தான் தொழிலுக்கு அதிகம் பயன்படுபவர்கள்.

சரி, மனசு ஏன் வாடுகிறது? லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் திறமையை அளக்கத் தெளிவான அளவுகோல் இல்லாதபோது, நம்மைப் போன்ற இன்னொருவரை வைத்து நம்மை அளந்துகொள்கிறோம் என்றார். எங்கோ இருக்கும் கோடீஸ்வரர் நம் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. நம்மோடு அதே நிலையில் தொடங்கியவர்தான் கெடுக்கிறார்.

இந்த இடத்தில் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு, சக ஊழியர்களின் சம்பளத்தைப் பார்க்கக்கூடிய ஒரு இணையதளம் இருப்பதைச் சொன்னார்கள். தம்மைப் போன்றவர்களின் நடுத்தரச் சம்பளத்தைவிடக் குறைவாக வாங்கியவர்களுக்கு வேலைத் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணமும் கூடியது. அதிகம் வாங்கியவர்களுக்கோ அதனால் சந்தோஷம் கூடவில்லை. ஒருவருக்கும் லாபமில்லாத ஒப்பீடு அது. அடுத்தது ஒடிசாவில் சிறு உற்பத்திக் கூடங்களில் நடந்தது. கூட வேலை செய்பவருக்கு அதிகக் கூலி என்று தெரிந்ததும், குறைந்த கூலிக்காரர்களின் உற்பத்தி சரிந்தது, வேலைக்கு வருவதும் குறைந்தது. ஆனால் அவர் அதிகம் செய்கிறார் என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்த இடங்களில் அந்தச் சரிவு இல்லை.

எனக்கு இதில் தெரிவது இதுதான்: எண்ணை மட்டும் பார்த்தால் வலிக்கிறது, அந்த எண் எப்படி வந்தது என்பதையும் பார்த்தால் வலி குறைகிறது. நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் எண் மட்டும்தான் வருகிறது. "இந்த மாதம் இவ்வளவு விற்பனை", புதுக் கிளைத் திறப்பு விழாப் படம், விருது. அந்த விற்பனைக்குப் பின்னால் எவ்வளவு கடன் நிற்கிறது, எத்தனை பேர் பணம் தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்பதை யாரும் போடுவதில்லை. அந்தக் குழுக்களின் அறிவிப்பு ஒலியை நிறுத்திவையுங்கள். அந்த நேரத்தில் அதே நண்பரின் இடத்துக்கு நேரில் போங்கள். சரக்கை எப்படி வாங்குகிறார், தவணை எத்தனை நாள் கொடுக்கிறார், ஆள் நின்றுவிட்டால் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மனம் திறந்து சொல்வார்கள். உங்கள் பக்கத்துச் சிக்கலையும் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே வாடிக்கையாளருக்காக உங்களோடு மோதுபவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. நான்சாங் குழுக்களிலேயே, நேரடிப் போட்டியாளர்கள் அதிகம் இருந்த இடத்தில், ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்குக் குறையும் வகையான தகவல் சரியாகப் பரவவில்லை. அதனால் தொழில் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் வாடிக்கையாளர் வேறாக உள்ளவர்களாகப் பாருங்கள். நாலைந்து பேர் போதும், ஆனால் அடிக்கடி சந்திக்க வேண்டும். எப்போதோ ஒரு மாநாட்டில் கைகுலுக்கி அட்டை மாற்றிக்கொள்வதில் மனம் திறந்து பேசும் நம்பிக்கை வளராது.

அப்புறம் தூக்கம். தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர், உங்கள் விற்பனை எவ்வளவு என்று கேட்கத் தோன்றாத ஒருவர், உங்களுக்கு இருக்கிறாரா? பள்ளித் தோழர், அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி. தொழில் வட்டம் பெரிதாகப் பெரிதாக நாம் முதலில் நேரம் குறைப்பது இவர்களுக்குத்தான், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். தொழில் நண்பர்களைச் சந்திக்கும் வாரத்தில் இவர்களில் ஒருவரையும் கட்டாயம் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட நண்பரைப் பார்த்தால் மட்டும் மனம் கசக்கிறது, அவரும் நம்மைத் தாழ்த்திப் பேசுகிறவர் என்றால், அவரிடமிருந்து மட்டும் விலகிக்கொள்ளுங்கள். மற்றவர்களை விடாதீர்கள்.