'எவ்வளவு?' என்று கேட்டுவிட்டு ஆளைக் காணோம்!

கேள்வி: குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். ஸ்கூபா டைவிங் பயிற்றுநர் ஆகி, வார இறுதிகளில் தியோமான் தீவுக்கு ஆட்களை அழைத்துப் போகிறேன். நம் ஆட்களும் கடலடியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வாட்ஸ்அப்பில் தினமும் நாலைந்து பேர் 'எவ்வளவு?' என்று கேட்கிறார்கள். விவரம் முழுவதையும் அனுப்புகிறேன். இரண்டு நீல டிக் விழும், அப்புறம் ஆளைக் காணோம். விலையைக் குறைக்கட்டுமா?
– பெயர் வேண்டாம், குளுவாங்

பதில்: விலையில் கை வைக்காதீர்கள் தம்பி. நீங்கள் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தியையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருந்தீர்கள் பாருங்கள், கோளாறு அதில்தான் இருக்கிறது. முதல் வரி: 'டி.எஸ்.டி. 2 டைவ், மேக்ஸ் 12 மீட்டர், பி.சி.டி., ரெகுலேட்டர் உட்பட.' டி.எஸ்.டி. என்றால் முதல் தடவை இறங்கிப் பார்க்கிற டைவ், பி.சி.டி. என்றால் மிதவைச் சட்டை, ரெகுலேட்டர் என்றால் வாயில் வைத்து மூச்சு விடுகிற கருவி என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு? இரண்டாவது வரி: 'பாடி சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்.' உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்த PADI என்ற டைவிங் அமைப்பின் பெயரைத்தான் அப்படித் தட்டியிருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற அம்மாவுக்கு 'பாடி' என்றால் என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வருவது! அடுத்த வரியில் 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' வேறு. இதையெல்லாம் படித்த பிறகும் மகனை அனுப்பி வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அதுவும் புதியவர்கள் முதுகில் நீங்கள் மாட்டி விடுவது ஆக்ஸிஜனே இல்லை, நாம் இங்கே மூச்சு விடுகிற அதே காற்றை அழுத்தி அடைத்தது. அதை அப்படியே எழுதினால் என்ன? 'காற்றுத் தோம்பு' என்று எழுதினாலும் நம் ஆட்களுக்குப் புரியும்.

'எவ்வளவு?' என்று கேட்கிறவர் விலையை மட்டும் கேட்கவில்லை. கூச்சப்படாமல் கேட்க முடிந்த ஒரே கேள்வி அதுதான் என்பதால் அதைக் கேட்கிறார். எனக்கு நீச்சல் தெரியாதே, மூக்குக்கண்ணாடி போடுகிறேனே, உடம்பு கொஞ்சம் பெருசாச்சே, அந்த ரப்பர் சட்டை ஏறுமா என்பதெல்லாம் தொண்டையில் நிற்கும், வெளியே வராது. எங்கள் ஊர் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் முறுக்கு விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். பிள்ளையைக் கையில் பிடித்தபடி யாராவது தட்டைப் பார்த்து நின்றால் போதும், வாய் திறப்பதற்குள் 'காரம் கம்மிதான்மா, பிள்ளைங்க சாப்பிடலாம்' என்று ஒரு துண்டை ஒடித்து நீட்டிவிடுவார். விலை அப்புறம்தான் வரும்.

நீங்களும் அப்படி ஆரம்பியுங்கள். முதல் செய்தி ஐந்தாறு வரிக்கு மேல் போகக்கூடாது. 'முதல் தடவை இறங்கிப் பார்க்க நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பத்து வயது ஆகியிருந்தால் போதும், 12 மீட்டருக்குக் கீழே போகமாட்டோம், நான் கூடவே இருப்பேன், கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் உள்ள முகமூடி இருக்கிறது' (இருந்தால் மட்டும் எழுதுங்கள்). சான்றிதழ் வாங்கித் தருகிற முழுப் பயிற்சியை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அதற்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும், 18 மீட்டர் வரை போகலாம், மூன்று நாலு நாள் ஆகும். அது வேறு ஆளுக்கு, வேறு செய்தி. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால்தான் பாதிப்பேர் 'ஐயோ, 200 மீட்டர் நீந்தணுமா' என்று ஓடியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

காது வலியைப் பற்றியும் முன்பே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். கேமரன் மலைக்குப் பஸ்ஸில் ஏறும்போது காது அடைக்குமே, அது மாதிரி இங்கே இறங்கும்போது அடைக்கும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் திறந்துவிடும் என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினால் கடலுக்குள் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம் என்பதையும் ஒரு சின்ன வீடியோவாக எடுத்துப் போடுங்கள். சிரித்துக்கொண்டே நாலு பேருக்கு அனுப்புவார்கள். 'நூற்றுக்கு நூறு பாதுகாப்பு' என்கிற வரியை மட்டும் இன்றே அழித்துவிடுங்கள். கடலுக்கு யாரும் அப்படி உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், படகில் யார் காவல் இருப்பார் என்று சொல்லுங்கள், அது போதும்.

அப்புறம் உடல்நலப் படிவம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் என் அத்தை மகனோடு ஒரு தீவுக்குப் போனேன். முன்பணமெல்லாம் கட்டி, அதிகாலையில் புறப்பட்டு, படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் படிவத்தை நீட்டினார்கள். ஆஸ்துமா என்ற கட்டத்தில் அவன் நேர்மையாக டிக் போட்டான். டாக்டர் கடிதம் இல்லாமல் இறக்க மாட்டோம் என்றார்கள், அது சரிதான். ஆனால் பணமும் திரும்பி வரவில்லை. படகு முழுக்க மற்றவர்கள் சிரித்துக்கொண்டு இறங்க, இவன் லைஃப் ஜாக்கெட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். கரைக்கு வந்ததும் என் காதில் சொன்னான்: 'அடுத்த தடவை இல்லைன்னு போட்டுடுவேன்.' கடைசி நேரத்தில் படிவம் கொடுத்தால் ஆட்கள் பொய் சொல்வார்கள், தம்பி. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, சர்க்கரை என்று எது இருந்தாலும் முன்பணம் வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

விலைக்கு வருவோம். 'பி.எம். செய்யவும்' (தனிச் செய்தியில் கேளுங்கள்) என்று போடாதீர்கள், முழுத் தொகையைப் போடுங்கள். இணையத்தில் விற்கிறவர்கள் முழு விலையையும் காட்ட வேண்டும் என்று நம் மலேசியப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளிலேயே இருக்கிறது. ஃபெர்ரி, கடல் பூங்காக் கட்டணம், சாப்பாடு, கருவி வாடகை, எது உள்ளே எது வெளியே என்று தெளிவாக எழுதுங்கள். தியோமானுக்குக் கிளம்புகிற மெர்சிங் ஜெட்டியில் ஃபெர்ரி நேரம் கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் மாறும். அதைச் சொல்லாவிட்டால் காலை ஆறு மணிக்கே வந்து நின்று உங்களைத்தான் திட்டுவார்கள். தீபாவளி லீவில் போகலாமா என்று கேட்பார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தப் பக்கம் பருவமழை, அலை பெரிசு. 'பார்க்கலாம்' என்று இழுக்காமல், 'அப்போது வேண்டாம், மார்ச்சில் பெயர் எழுதி வைக்கவா?' என்று கேளுங்கள். அலையால் ரத்தானால் பணம் எப்போது திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ், தமிழிலேயே. நீங்கள் எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று அதில் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் அது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

கேள்வி: படிக்கிற மகள் தோழிகளோடு டைவிங் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். நடத்துகிறவர்களிடம் நான் என்ன கேட்க வேண்டும்?
– ஓர் அம்மா, லாபிஸ்

பதில்: பயிற்றுநரின் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள் அம்மா, சான்றிதழ் கொடுத்த அமைப்பிடமே சரிபார்க்கலாம். எண் கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். மகளிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கக்கூடாது, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அங்கேயும் சொல்லிக் கொடுப்பார்கள், வீட்டிலும் ஒருமுறை காதில் விழட்டும்.

கேள்வி: சென்னையிலிருந்து வந்த மச்சான் கிளம்புவதற்கு முந்தின நாள் டைவிங் போகலாம் என்கிறார். போகலாமா?
– வாசகர், சிகாமட்

பதில்: ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி விட வேண்டும், ஒன்றுக்கு மேல் என்றால் 18. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். கணக்கு இடிக்கிறது என்றால் கடைசி நாளில் மச்சானை மேலே மிதந்தபடி ஸ்நோர்கலிங் செய்ய விடுங்கள், மீன் அங்கேயும் தெரியும்.