மாந்தோலையும் மாங்கொட்டையையும் மாட்டுக்குப் போடலாமா?

கேள்வி: ஆந்திராவில் குப்பம் ஊருக்குப் பக்கத்தில் நாலு கலப்பினப் பசு வைத்திருக்கிறேன். மாங்கூழ் பேக்டரியில் தோலும் கொட்டையும் டிராக்டர் லோடாகச் சும்மா தருகிறார்கள். போன சீசனில் தோலை அப்படியே கொட்டினேன். ஒரு மாடு கழிந்து, அசை போடாமல் படுத்துவிட்டது. ஆனால் அதில் நிறைய சத்து இருக்கிறது, கம்பெனிகள் அதைப் பிரித்தெடுத்து விற்கின்றன என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மாடு படுத்ததற்குக் காரணம் தோலில் இருக்கும் சர்க்கரைதான். பழக்கமில்லாத மாடு அதை ஒரே நேரத்தில் நிறைய தின்றால் பெருவயிற்றில் அமிலம் ஏறிவிடும். இனி அப்படி நடந்தால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், காத்திருக்காதீர்கள். தோல் கெட்ட பொருள் இல்லை. கொடுத்த விதம்தான் தப்பு.

தோலில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். கொட்டி வைத்தால் மறுநாளே புளித்து ஈ மொய்க்கும். அதனால் லோடு வந்த அன்றே ஊறுகாய்ப்புல்லாக, அதாவது காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தும் தீவனமாக, போட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் கேழ்வரகுத் தாள் தாராளமாகக் கிடைக்கும். 80 கிலோ தோலுக்கு 20 கிலோ காய்ந்த தாள், பொடியாக நறுக்கியது. இந்தக் கணக்கில் கலவையின் ஈரம் 65 சதவீதத்தை ஒட்டி நிற்கும், தோல் விடும் தண்ணீரைத் தாள் குடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் டிரம்மில் அடுக்கடுக்காகப் போட்டு ஏறி மிதியுங்கள். காற்று உள்ளே நின்றால் பூஞ்சணம்தான். வாயை இறுக மூடி ஒரு மாதம் விடுங்கள். திறக்கும்போது இதமான புளிப்பு வாசனை வர வேண்டும். கறுத்ததையும் வெள்ளை படர்ந்ததையும் எடுத்து எருக்குழியில் போடுங்கள், மாட்டுக்கு வேண்டாம்.

முதல் நாள் ஒரு கிலோ. பத்து நாளில் மெதுவாக ஏற்றி, பெரிய மாட்டுக்கு 8 கிலோவோடு நிறுத்துங்கள். இதில் புரதம் மிகக் குறைவு. புண்ணாக்கையும் அகத்தித் தழையையும் குறைத்துவிட்டால் பால் இறங்கும்.

கொட்டையில்தான் உண்மையான சத்து. ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்தால், காய்ந்த எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, பத்து சதவீதம் அளவுக்குக் கொழுப்பு. கோகோ வெண்ணெய்க்கு மாற்றாகச் சாக்லேட்டில் சேர்ப்பது இந்தக் கொழுப்பைத்தான். ஆனால் பருப்பு துவர்க்கும். அது டானின், தீவனத்தில் உள்ள புரதத்தைப் பிடித்து வைத்துச் செரிக்க விடாது. நம் பாட்டிமார் வயிற்றுப்போக்குக்கு மாம்பருப்புப் பொடி கொடுத்ததும் இந்தத் துவர்ப்பை நம்பித்தான். பருப்பை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கலகலவென்று காயவையுங்கள். அப்புறம் அரைத்து, 100 கிலோ அடர்தீவனத்தில் 10 கிலோ சேருங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சண நஞ்சு வரும். அது பாலிலும் இறங்கும். இந்த ஒரு விஷயத்தில் அலட்சியமே கூடாது.

சத்தைப் பிரித்தெடுக்கும் பேச்சுக்கு வருகிறேன். தோலில் பெக்டினும் (ஜாமைக் கெட்டியாக்கும் பொருள்) மாஞ்சிஃபெரினும் (மாமரத்தில் இருக்கும் ஒரு தாவரச் சத்து) இருப்பது நிஜம். ஆனால் பெக்டின் எடுக்கவே அமிலம் கலந்த வெந்நீரில் காய்ச்சி, ஆல்கஹால் ஊற்றித் திரிய வைக்க வேண்டும். நாலு மாடு வைத்திருப்பவர் இதில் பணத்தைப் போட வேண்டாம். எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு கம்பெனி எழுத்தில் கொடுத்தால், தோலைக் காயவைத்து விற்கலாம். வாய்ப்பேச்சை நம்பிக் களம் முழுக்கப் பரப்பி வைக்காதீர்கள்.

இன்னொன்று. பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தார்களா, எத்திலீன் வாயுவிலா, கடைசியாக எப்போது மருந்து அடித்த தோட்டத்துப் பழம் என்று பேக்டரியில் கேளுங்கள். பதில் சொல்லாத இடத்து லோடு சும்மா கிடைத்தாலும் மாட்டுக்கு வேண்டாம். எருக்குழிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.