ரேஷன் கார்டு சாத்தூரில், குடியிருப்பு திருப்பூரில்: சத்துமாவை எங்கே கேட்பது?

கேள்வி: எனக்குச் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி நாலு வருஷமாகத் திருப்பூரில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்கள். இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். உடம்பு முடியாமல் போன மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டேன். மூத்தவளுக்கு இரண்டு வயது. தெருமுனை பால்வாடியில் சத்துமாவு கேட்டால், "ரேஷன் கார்டும் ஆதாரும் உங்க ஊர்லதானே இருக்கு, அங்கயே வாங்கிக்கோங்க" என்கிறார்கள். ஊரில் அம்மா போய்க் கேட்டால், "உங்க மக இங்க இல்லையே" என்கிறார்கள். இன்னொரு நாள் போனபோது, "இ.எஸ்.ஐ. இருக்கிறவங்களுக்குக் கிடையாது" என்று வேறு சொன்னார்கள். எனக்கு உரிமை இருக்கிறதா? யாரிடம் மனுக் கொடுப்பது?

பதில்: உரிமை இருக்கிறது சகோதரி. உங்களுக்கும் உண்டு, மூத்தவளுக்கும் தனியாக உண்டு. உங்களிடம் சொன்ன இரண்டு காரணங்களுமே சட்டத்தில் இல்லாதவை.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தது, தமிழ்நாட்டில் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 4-ம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகள். (அ) கர்ப்ப காலம் முழுவதும், பிள்ளை பிறந்த பிறகு ஆறு மாதமும், உள்ளூர் அங்கன்வாடி வழியாக இலவச உணவு. (ஆ) 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவித்தொகை. 5-ம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அதே அங்கன்வாடியில் உணவு தரச் சொல்கிறது. இந்தப் பிரிவுகளில் ரேஷன் கார்டு என்ற பேச்சே கிடையாது. உள்ளூர் அங்கன்வாடி என்றால் நீங்கள் இன்றைக்குக் குடியிருக்கும் தெருவுக்கான பால்வாடிதான். சாத்தூரில் இருக்கும் மாவுப் பொட்டலம் திருப்பூரில் இருப்பவள் வயிற்றுக்குள் எப்படிப் போகும்?

ஆதார் முகவரியைக் காட்டித் திருப்பி அனுப்புவதும் செல்லாது. ஆதார் எண் என்பது குடியுரிமைக்கோ நிலையான வசிப்பிடத்துக்கோ சான்று ஆகாது என்று 2016-ம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9-ம் பிரிவே சொல்கிறது. நீங்கள் யார் என்று தெரிந்துகொள்ள ஆதாரைக் கேட்கலாம், தப்பில்லை. எந்த ஊர்க்காரி என்று முடிவுகட்ட அதைப் பயன்படுத்த முடியாது. மூத்தவளுக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். ஆதார் எண் கொடுக்க முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பிழைக்கப் போன இடத்தில் கர்ப்பிணிகளைத் திருப்பி அனுப்புவது புதுக் கதை அல்ல. டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதர் 2010 ஜூன் 4 அன்று தீர்ப்பளித்த லட்சுமி மண்டல் வழக்கு இதைப் பற்றியதுதான். பீகாரிலிருந்து ஃபரிதாபாத்துக்குப் பிழைக்க வந்த சாந்தி தேவி என்ற பெண், கிடைத்திருக்க வேண்டிய உதவிகள் கிடைக்காமல் அந்த ஆண்டு ஜனவரியில் பிரசவத்தின்போது இறந்துபோனார். இடம் மாறிப் போகிறவருக்கு உரிமையும் கூடவே போக வேண்டும் என்பதுதான் அந்த வழக்கின் சாரம். மாநிலம் விட்டு மாநிலம் போனவருக்கே அப்படியென்றால், விருதுநகர் மாவட்டத்திலிருந்து திருப்பூருக்கு வந்த உங்களிடம் என்ன கேள்வி?

இனி இ.எஸ்.ஐ. விஷயம். அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். 4-ம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மை. மத்திய, மாநில அரசு, பொதுத்துறை நிறுவனங்களில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள், வேறு சட்டத்தின் கீழ் இதேபோன்ற பலன் பெறுபவர்கள் ஆகியோருக்குப் பொருந்தாது என்று அது சொல்கிறது. எது பொருந்தாது? (ஆ) மட்டும், அதாவது பணம். (அ)-வில் உள்ள உணவை அந்த விதிவிலக்கு தொடவே இல்லை. கலெக்டரின் மனைவியே கர்ப்பமாக இருந்தாலும் பால்வாடியில் பெயர் பதிந்தால் அவருக்கும் சத்துமாவு உண்டு. அங்கன்வாடி உணவுக்கு வருமான வரம்பு கிடையாது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பெரிய தொகை நிற்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களில் ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதி தலா 2,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். இது பால்வாடியில் கிடைப்பதல்ல, சுகாதாரத் துறையின் திட்டம், பிக்மி எண்ணை (கர்ப்பத்தைச் சுகாதாரத் துறையில் பதிந்ததும் தரும் எண்) வைத்து நர்ஸம்மா வழியாக வருவது. ஆனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இ.எஸ்.ஐ.யை. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒரு சந்தா காலம் என்பது ஆறு மாதம்) சேர்த்து 70 நாள் சந்தா கட்டியிருந்தால், 26 வாரச் சம்பளம் உங்களுக்கு வர வேண்டும். நாள் சம்பளம் 400 ரூபாய் என்று வைத்தால் 182 நாளுக்கு 72,800 ரூபாய். போன மாதம் நின்றுவிட்டேன் என்பதால் அது போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சந்தா நாட்களை எண்ணச் சொல்லுங்கள். இந்தப் பணத்தை வாங்கும்போது, இதேபோன்ற வேறு சட்டப் பலன் எதுவும் வாங்கவில்லை என்று வேறு எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது பிறகு தொல்லை தரும்.

மறுபடி மாவுக்கு வருவோம். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது உங்கள் பெயரைச் சாத்தூர் பக்கத்து அங்கன்வாடியில்தானே பதிந்திருப்பீர்கள்? அப்படியானால் உங்கள் ஆதார் எண் போஷன் டிராக்கர் என்ற, அங்கன்வாடிப் பயனாளிகளைப் பதியும் அரசு ஆப்பில் அந்த மையத்தின் பெயரில் இன்னும் நிற்கும். இங்குள்ள பணியாளர் சேர்க்க முயன்றாலும் ஆப் விடாது. அதைச் சொல்லத் தெரியாமல் "ஊருக்குப் போங்க" என்று அந்த அம்மா சொல்லியிருக்கவும் கூடும். ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு மாற்றும் வசதி அதே ஆப்பில் இருக்கிறது. ஆகவே சண்டைக்குப் போகும் முன், "என் பேர் பழைய சென்டர்ல இருக்கு, இங்க மாத்திக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். ஆதாரில் இணைத்த செல்போன் எண் நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. வீட்டுக்காரரின் பழைய நம்பருக்குப் போய், அதனாலேயே பொட்டலம் கைக்கு வராமல் போன கதைகள் என் அலுவலகத்துக்கே வந்திருக்கின்றன.

அதற்கும் மசியவில்லை என்றால் எழுத்தில் இறங்க வேண்டும். இதுவரை உங்களுக்கு நடந்ததெல்லாம் வாய்ப்பேச்சு. வாயால் மறுத்ததற்குக் கோப்பு இல்லை. கோப்பு இல்லாததை மேலதிகாரியும் கேட்க மாட்டார், நீதிமன்றமும் கேட்காது. அந்த வட்டாரத்தின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒரு பக்க மனு போதும். இப்படி எழுதுங்கள்:

"நான் இன்ன தெருவில் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறேன். ஐந்து மாதக் கர்ப்பிணி, பிக்மி எண் இது. எனக்கு இரண்டு வயதில் பெண் குழந்தை இருக்கிறது. இன்ன தேதிகளில் அங்கன்வாடி மையத்தில் இணை உணவு கேட்டேன், ரேஷன் கார்டு வெளியூரில் இருப்பதாகச் சொல்லி மறுத்தார்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 4(அ), 5-ன்படி எங்கள் இருவரையும் இங்கேயே பதிவு செய்து உணவு வழங்க வேண்டுகிறேன். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்."

கடைசி வரிக்குத்தான் வலு அதிகம். பாதி மனுக்களுக்கு அந்த வரியாலேயே விடிவு வந்துவிடும். எந்த அதிகாரி "ரேஷன் கார்டு இல்லாததால் கர்ப்பிணிக்கு உணவு மறுக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டுத் தருவார்?

ஆதார் நகல், பிக்மி எண் உள்ள தாய்-சேய் அட்டை, வாடகை ரசீதோ கேஸ் பில்லோ ஏதாவது ஒன்று இணைத்தால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால், அந்த நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மனுவின் தலைப்பில் "தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 15-ன் கீழ் புகார்" என்று மறக்காமல் போடுங்கள். அந்தப் பிரிவின்படி மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இதை விசாரித்தாக வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் மாநில உணவு ஆணையம் இருக்கிறது. குறைதீர்ப்பு அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தராத ஊழியருக்கு 33-ம் பிரிவின்படி ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உயர் நீதிமன்ற ரிட் மனு எல்லாம் கடைசியில்தான். அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் இரண்டு பேர் பெயரையும் ஆப்பில் சாத்தூர் மையத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் கைக்குழந்தை பெயரையும் சேர்த்து மூன்றாக இங்கே மாற்றிக்கொள்ளலாம்.