மண்ணைக் கேளுங்கள்: மஞ்சள் தண்ணீரும் அரைவிலை நிலமும்

கேள்வி: ஐயா, ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குக் கெமிக்கல் தயாரித்த ஒரு கம்பெனி இங்கே 20 வருடத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்த 3 ஏக்கரை எங்கள் சங்கத்தில் கல்யாண மண்டபம் கட்ட வாங்கலாம் என்கிறார்கள். விலை பாதிதான். ஆனால் அங்கே உள்ள கிணற்றுத் தண்ணீர் லேசாக மஞ்சள். மண்ணைப் பரிசோதிக்கக் கேட்டால் லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், "இங்கே அதற்கு அரசாங்கமே பணம் தரும்" என்கிறார். நமக்கும் உண்டா?

பதில்: முதலில், அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். வில்லங்கச் சான்றில் கடன் தெரியும், குரோமியம் தெரியாது.

அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்கிறேன். தோல் கெமிக்கல் போட்ட இடத்தில் தண்ணீர் மஞ்சளித்தால் எனக்கு முதல் சந்தேகம் குரோமியத்தின் விஷ வடிவமான ஆறிணைய குரோமியம் மேல்தான். புற்றுநோய் தரும் சமாச்சாரம். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கண்ணுக்கு நிறம் தெரிகிறது என்றால் அந்த எல்லையை எப்போதோ கடந்தாயிற்று. தெளிவாக இருக்கிற பக்கத்துக் கிணற்றையும் நம்பாதீர்கள். மாதிரி எடுத்தால் ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். பெப்சி பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தவர்கள் உண்டு!

மைத்துனர் சொன்னது சரிதான், ஆனால் தனியாருக்கு இல்லை. ஊராட்சி, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), லாப நோக்கமில்லாத அமைப்புகள்தான் கேட்க முடியும். அங்கே 1980-இல் வந்த சட்டம், நிலத்தை வாங்கியவன் தலையிலும் பழைய மாசுக்கான பொறுப்பைக் கட்டியது. பயந்துபோய் யாரும் வாங்கவில்லை, நகரத்துக்கு நடுவிலேயே ஆலைகள் பாழாகக் கிடந்தன. 2002-இல் திருத்தினார்கள்: வாங்கும் முன் ஒழுங்காக விசாரித்தவனுக்குப் பாதுகாப்பு, விசாரிக்கும் செலவுக்கு மானியம். 2021-இல் இதற்கென்று 150 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கினார்கள். எனக்கு இதில் பிடித்தது, சுத்தம் செய்ய மட்டுமல்லாமல், 'என்ன இருக்கிறது என்று பார்க்க'வும் தனியாகப் பணம் வைத்ததுதான். நம்மிடம் இல்லாதது அந்தச் சின்னப் பணம்.

நம்மிடம் கொள்கை இருக்கிறது. 1996-இல் உங்கள் பாலாற்றுத் தோல் ஷெட்டுகள் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 'கெடுத்தவனே செலவைக் கட்ட வேண்டும்' என்றது. சரி, கெடுத்தவனே காணாமல் போனால்? ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 90-களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. சந்தேகப்படும் இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டும். அதன் பிறகு முதல்கட்ட ஆய்வுக்கு 90 நாள், விரிவான ஆய்வுக்கு இன்னொரு 90 நாள். பொறுப்பாளி இல்லை, அல்லது கட்ட வக்கில்லை என்றால் சீரமைப்புச் செலவு அரசுகளுடையது. ஆகவே உங்கள் சங்கம் லட்சம் செலவழிப்பதற்கு முன், அந்த 3 ஏக்கரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு கொடுங்கள். சர்வே எண், கிணற்றுப் படம், நிலம் வாங்கப் பேச்சு நடக்கிறது என்ற விவரம், மூன்றும் அதில் இருக்கட்டும்.

"அன்னபேதி (இரும்பு சல்பேட்) கொட்டினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அறிவியல் சரிதான். வேர்க்கடலைக்குப் போடுகிற அதே அன்னபேதிதான், குரோமியத்தின் விஷத்தைக் குறைக்கும். ஆனால் எங்கே, எவ்வளவு ஆழம், எத்தனை டன் என்று தெரியாமல் கொட்டுவது வீண்.

எங்கே என்பதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஒருமுறை ஒரு மூடிய ஆலையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மண் மாதிரி எடுக்க இரண்டு நாள் துளை போட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் டீ கொண்டுவந்த பழைய வாட்ச்மேன், "சார், எல்லாம் கேன்டீனுக்குப் பின்னாடிதான் கொட்டுவோம்" என்றார். வரைபடத்தில் அங்கே தோட்டம் என்று போட்டிருந்தது. உங்கள் ஊரிலும் அந்தக் கம்பெனியில் வேலை செய்த பெரியவர் ஒருவர் இருப்பார். மனு கொடுக்கப் போகும்போது அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள்.